சிவக்காத விரல்

அக்காவுக்கு இந்த உலகத்தில் ஆகாத நிறம் ஒன்று உண்டென்றால் அது சிவப்பு. துணியில் இருக்கட்டும், உதட்டில் இருக்கட்டும், அவளே எடுத்துப் பூசிவிடுவாள். தோலில் மட்டும் இருக்கக் கூடாது. புருவம் எடுத்த இடம் லேசாகச் சிவந்தாலே ஐஸ்கட்டியோடு ஓடி வருவாள். வந்தவர் கன்னத்தில் ஒரு பரு சிவந்து எட்டிப் பார்த்தால் அன்றைக்கு அக்காவுக்குத்தான் சோறு இறங்காது. வீட்டின் கீழ்ப்பாதியில் பார்லர், மேல்பாதியில் குடித்தனம் என்று கடை போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. அத்தனை வருஷமும் அவள் செய்த வேலை என்னவென்று கேட்டால், ஊரார் முகத்திலிருந்து சிவப்பைத் துரத்தியதுதான்.

அவள் பாச்சா பலிக்காத ஒரே முகம் கூடப்பிறந்தவளுடையது. தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரத் தொடங்கிய பரு, அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போய், காதோரம் நரை தட்டிய பிறகும் விட்டபாடில்லை. தெருவில் தங்கைக்கு 'பிரேக்கு' என்று பெயர். பழக வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அவள் மிதிக்கும் மிதியில் வண்டியோடு சேர்ந்து ஆளின் உயிரும் ஒரு நிமிஷம் நின்று போகுமாம். அவள் வாய்க்குத்தான் அந்த வசதி கிடையாது.

பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குக் கணவன் என்று ஒருத்தன் இருந்தான். அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே ஆத்திரம் வரும், விடுங்கள். அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா, அவ்வளவுதான் குடும்பம்.

தங்கையின் மார்பில் கட்டி ஒன்று வந்தது. அறுத்து எடுத்தார்கள். பிறகு கீமோ மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, கூடவே பருவும் போயிற்று. மூன்றாம் முறை மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் ஒரு புள்ளி இல்லை.

"பாத்தியா? நான் மூஞ்சில போட்ட பேக்கு வேலை செஞ்சிருச்சு" என்று அக்கா கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள்.

"அது கீமோ வேலை தாயே. உன் பேக்கு இத்தன வருஷமா லீவுல இருந்துச்சா?"

"எல்லாம் கை ராசிடி. ஒத்துக்க மனசு வராது உனக்கு."

ஆனால் பராமரிப்பில் அக்காவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதை எல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். மருந்து ஏறிய பிறகு சில நாளில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அப்போது சின்னக் கிருமியும் பெரிய ஆபத்து என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எனவே மாடிக்கு யாரும் ஏறக் கூடாது என்று படிக்கட்டின் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டாள். பச்சைக் காய், வெட்டிய பழம், பூச்சாடி எதுவும் அறைக்குள் போகவில்லை. துண்டைக் கொதிக்க வைத்தாள், தட்டைக் கொதிக்க வைத்தாள். விட்டால் தங்கையையே கொதிக்க வைப்பாள் போலிருந்தது. உடம்பு சுட்டால் மாத்திரை போட்டு அமுக்காமல் நேரே கிளம்பி வர வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

மாடியில் அடைந்து கிடந்தவளுக்குப் பொழுது போகவில்லை. பார்லருக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில், கையை விரித்து அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நகத்தப் பாரு. பழைய டயர் மாதிரி கறுத்துப் போச்சு. ஊரு ஒலகத்துக்கே அழகு பண்றவ வீட்டுல இப்படி ஒரு கை. வெளிய தெரிஞ்சா யாரு உன் கடைக்கு வருவா?"

மருந்து நகத்தைக் கறுக்க வைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அக்காவுக்குப் பாவமாக இருந்தது. இந்தக் கொஞ்ச நாளில் தங்கை ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அவளைக் கீழே அழைத்துப் போய், கருவிகளை எல்லாம் கொதிநீரில் போட்டெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் கையை ஊற வைத்தாள். நகமும் தோலும் சேரும் இடத்தில், இடுக்கை அடைத்தது போல, மெல்லிய தோல் ஒன்று இருக்கும். அதைப் பின்னுக்குத் தள்ளி, கிளம்பி நிற்கும் பிசிறை வெட்டுவதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். நகம் நீளமாகத் தெரியும், கை லட்சணமாகிவிடும். அக்கா ஒரு நாளைக்கு எத்தனையோ கைகளுக்குச் செய்கிற வேலை. அன்றைக்கும் யோசிக்காமல் செய்தாள். மோதிர விரலில் மட்டும் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஸ்பிரிட் பஞ்சை வைத்து அழுத்தியதும் நின்றுவிட்டது. தங்கை 'ஸ்ஸ்' என்றாள், பிறகு பூசுவதற்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். விரலை மறந்துவிட்டார்கள்.

அதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ தங்கை சொன்னாள்:

"இந்த விரல் வலிக்குதுக்கா."

அக்கா விட்டுவிடுகிற ஆள் இல்லை. பார்லரிலிருந்து உருப்பெருக்கி வைத்த விளக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். விரலை அதன் கீழே பிடித்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, நகைக்கடையில் கல் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நகச்சுத்தி வந்த விரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? சிவந்து, உப்பி, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்துக்கொண்டு நிற்கும். இங்கே அதில் ஒன்றும் இல்லை. விரல் பச்சைக் குழந்தையின் விரல் போல வெளுப்பாக இருந்தது.

"செவக்கல, வீங்கல, சீழ் வெக்கல. எங்கடி வலிக்குது?"

"உள்ள வலிக்குது."

"உள்ள வலிச்சா வெளிய தெரியும்டி. இது என் தொழிலு. எனக்கே பாடம் எடுக்காத."

"சரி, உன் தொழிலயே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுத் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்காவுக்கு உள்ளூர நிம்மதி. தோல் சுத்தமாக இருக்கிறது. தான் பார்த்துக்கொள்கிற லட்சணம் அப்படி என்று தன்னையே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். முட்டாள்தனம்தான். ஆனால் அவள் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அந்தக் கண்ணைத்தான் நம்பியிருப்பார்கள்.

அன்று பிற்பகல் கீழே ஒரு வங்கி அதிகாரி அம்மாவுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. ஒரு புருவம் முடிந்திருந்தது. மாடியிலிருந்து கட்டில் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. வாயில் கவ்விய நூலோடு படியேறி ஓடினாள். தங்கை போர்வைக்குள் சுருண்டு, பல் கிட்டித்து, நடுங்கிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் எகிறியது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனாலும் மனப்பாடம் செய்தது காப்பாற்றியது. மாத்திரையைத் தொடவில்லை. தங்கையை அப்படியே போர்வையோடு அணைத்து இறக்கிக்கொண்டு வந்தாள். வங்கி அம்மாதான் தன் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு புருவம் கத்தியாகவும் ஒரு புருவம் காடாகவும், தெருவெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார்.

தங்கைக்கு மருந்து கொடுத்துவரும் டாக்டர் சின்னப் பெண். அக்காவின் கடைக்கு வந்தால் 'வாம்மா' என்று கூப்பிடுகிற வயசு. உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்துக்கொண்டே வந்தவர் மோதிர விரலில் நின்றார். அழுத்தினார். அரைமயக்கத்தில் இருந்தவள் துடித்தாள்.

"இங்க என்ன ஆச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் தங்கை கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நகம் கடிச்சேன் டாக்டர். சின்ன வயசுப் பழக்கம்."

சின்ன வயசில் அவள் நகம் கடித்ததே கிடையாது. கடித்தது அக்காதான். தங்கையைத் தனியறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா நடையில் நின்றாள். நடுங்குகிற நடுக்கத்திலும், அக்காவை யாரும் திட்டக் கூடாது என்று தங்கை ஒரு பொய்யைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அந்தப் பொய்க்குள்ளே ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயிலிருந்து போகிற கிருமி வேறு, தோலிலிருந்து போகிற கிருமி வேறு என்று இருந்தால்? தப்பான கிருமியைத் தேடிக்கொண்டு மருந்து போனால்? அக்கா டாக்டரின் பின்னால் ஓடினாள்.

"டாக்டர், அவ கடிக்கல. நான்தான் வெட்டினேன். நகத்துக்கு அழகு பண்றேன்னு இந்தக் கையாலதான் வெட்டினேன்."

டாக்டர் நின்றார். திட்டுவார் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாலு அறை விட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"நல்லவேள சொன்னீங்க. மருந்து முடிவு பண்ண இது உதவும்" என்று சொல்லி, நர்ஸிடம் ஏதோ மாற்றி எழுதச் சொன்னார். பிறகு அக்காவை அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"ஆனா செவக்கவே இல்லையே டாக்டர். வெளக்கு வெச்சுப் பாத்தேன். ஒரு பொட்டுச் சீழ் இல்ல."

"அதுதான் பிரச்சினையே. உடம்புல ரெண்டு காவல் இருக்கும்மா. ஒண்ணு, வந்தது யாருன்னு அடையாளம் பாத்து, யோசிச்சு, தயாராகி வரும். கொஞ்சம் தாமதமாகும். இன்னொண்ணு பொறக்கும்போதே கூட வர்றது. யாரு எவருன்னு ஆர அமர விசாரிக்காது. வேத்து ஆள் காலடி பட்டதும் பாய்ஞ்சிரும். அது பாயறப்பத்தான் அந்த எடத்துக்கு ரத்தம் ஓடி வரும். செவக்கும், சுடும், வீங்கும், வலியும் ஏறும்."

"சீழு?"

"கிருமிய முழுங்கிட்டு அங்கயே செத்துப்போற வெள்ளை அணுக்கள்தான் பாதிக்கு மேல. சண்ட நடந்த எடத்துல கெடக்கற ஒடம்புங்க."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்போ எங்க பாப்பா விரல்ல?"

"சண்ட போட ஆளே இல்லம்மா. தோல் தொறந்திருந்துச்சு. கேக்க நாதியில்லாம கிருமி உள்ள நடந்து போயிருச்சு. மருந்து இப்போதைக்குத் தடுக்கும். ஆனா அவங்க ஆளுங்க திரும்பி வரணும். எலும்பு மஜ்ஜையில புதுசா உண்டாகணும். அதத் தூண்டிவிட ஊசி போட்டிருக்கோம்."

"வருவாங்களா?"

"வரணும்" என்றார் டாக்டர். வருவாங்க என்று சொல்லவில்லை. அக்காவுக்கு அது நன்றாகவே கேட்டது.

தங்கையின் அறைக்குள் போக, கையைத் தேய்த்துக் கழுவி, மாஸ்க் கட்டி, மேலங்கி போட வேண்டும். அக்கா மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் கழுவினாள். முழங்கை வரைக்கும் தோல் எரியக் கழுவினாள். உள்ளே போய், கட்டிலிலிருந்து தள்ளி நாற்காலியைப் போட்டு, கையை மடியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சூப் ஊட்ட வேண்டுமா, நர்ஸைக் கூப்பிட்டாள். தலையணை சரிந்ததா, நர்ஸைக் கூப்பிட்டாள். இந்தக் கை இனி அவளைத் தொடக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

தங்கை கண் விழித்த நேரத்தில் அதைக் கவனித்தாள். "ஏன் அங்க உக்காந்திருக்க? நான் என்ன வண்டியா, ரிவர்ஸ்ல வந்து இடிச்சிருவேனா?"

"டாக்டர் சொல்லியிருக்காங்க."

"டாக்டர் கை கழுவிட்டுத் தொடலாம்னுதான் சொன்னாங்க. என் காது போகல, முடிதான் போயிருக்கு." பிறகு சன்னமாகச் சொன்னாள்: "ஏன் அவங்ககிட்ட போய்ச் சொன்ன? நான்தான் சமாளிச்சேனே."

"உன் உயிர வெச்சா என் மானத்தக் காப்பாத்துவ? லூசு."

பேச்சை மாற்றுவதற்காக அக்கா, டாக்டர் சொன்ன இரண்டு காவலைப் பற்றிச் சொன்னாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"விசாரிக்காம மொதல்ல பாயுமா? அதுக்கு உன் பேர வெச்சிருக்கலாம்" என்றாள். "ஸ்கூல்ல என்னய ஒருத்தி தள்ளிவிட்டான்னு நீ போய் வேற ஒருத்திய அடிச்சியே."

"அவளும் லேசுப்பட்டவ இல்ல" என்றாள் அக்கா. மாஸ்க்குக்குள்ளே கண்ணீர் வாய்வரைக்கும் வந்து உப்புக் கரித்தது.

ஆனால் நாள் போகப் போக நிலைமை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பிற்பகல் தங்கையின் ரத்த அழுத்தம் சரிந்தது. மூன்று நான்கு பேர் அறைக்குள் ஓடினார்கள், அக்காவை வெளியே நிறுத்தினார்கள். டாக்டர் வெளியே வந்து, "இன்னிக்கு ரொம்பக் கவனமா பாக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த நேரம் பார்த்து வங்கி அம்மாவின் போன் வந்தது. "நீங்க வந்து மத்த புருவத்த எடுக்கற வரைக்கும் இப்படியேதான் ஆபீஸ் போவேன். அவள நல்லபடியா கூட்டிட்டு வாங்க" என்றார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கி அழுதாள்.

தினமும் காலையில் கண்ணாடிச் சன்னல் வழியாக முதலில் அந்த விரலைத்தான் பார்த்தாள். வெளுப்பாக, சுத்தமாக, ஒன்றும் நடக்காதது போலக் கிடந்தது. வாழ்நாளெல்லாம் எதைத் துரத்தினாளோ அதைத்தான் இப்போது கேட்டுக் கெஞ்சினாள். 'செவந்துரு, என் ராசாத்தி. கொஞ்சமே கொஞ்சம் செவந்துரு.' ஊசி போட்ட பிறகு தங்கைக்கு இடுப்பும் முதுகும் விட்டுப் போகிற மாதிரி வலித்தது. உள்ளே மஜ்ஜை ராப்பகலாக வேலை செய்கிறது, அதனால் வருகிற வலி இது என்று நர்ஸ் சொன்னார். அக்கா அதையும் நம்பினாள், நம்பாமலும் இருந்தாள்.

பிறகு ஒரு நாள் காலையில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கத்தல் கேட்டது.

"அய்யோ அக்கா! என் விரலு!"

ஓடினாள். மோதிர விரல் உப்பிக் கிடந்தது. நகத்தைச் சுற்றிலும் தக்காளி போலச் சிவப்பு. ஓரத்தில், மெல்லிய தோலுக்குக் கீழே, மஞ்சளாக ஒரு முனை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நடையில் நின்று கூவினாள்:

"செவந்துருச்சு! நர்ஸம்மா, செவந்துருச்சு! சீழ் வெச்சிருக்கு, ஓடி வாங்க!"

பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தருக்குச் சீழ் வைத்ததற்கு இன்னொருத்தர் இப்படிப் பல் தெரியச் சிரிப்பதை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டர் வந்தார். அன்று காலை எடுத்த ரத்தத்தின் முடிவு அவர் கையிலேயே இருந்தது. விரலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அந்தச் சின்னப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாங்கம்மா" என்றார்.

விரலை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, முனையில் கத்தியால் லேசாகத் திறந்தார். ஒரு துளிச் சீழ் பஞ்சில் இறங்கியது. தங்கை, மரத்த விரலுக்கே ஊர் கூடுகிற மாதிரி கத்தினாள். நர்ஸ் பஞ்சைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா.

பஞ்சில் இருந்த அந்த மஞ்சள் துளியைக் குனிந்து பார்த்தாள். இந்த மாதிரி எத்தனை துளிகளை மூக்கைச் சுளித்துக்கொண்டு துடைத்து எறிந்திருக்கிறாள். எங்கிருந்தோ எலும்புக்குள்ளிருந்து புறப்பட்டு, இந்த விரல் நுனிக்கு ஓடி வந்து, யாரென்று கேட்காமல் பாய்ந்து, இங்கேயே செத்துப் போயிருக்கிறார்கள். பேர் தெரியாது, முகம் தெரியாது. அக்கா மாஸ்க்கோடு கையெடுத்துக் கும்பிட்டாள். நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, டாக்டருக்கு வரவில்லை.

எல்லோரும் போன பிறகு அறை அமைதியாயிற்று. கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கை முனகினாள். மருந்தின் மரப்பு இறங்கியிருந்தது.

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுக்கா. சுடுது."

"சுடட்டும்டி. நல்லா சுடட்டும்."

"அங்கிருந்தே சொல்லு. உனக்கென்ன."

அக்கா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். கை மடியிலேயே இருந்தது. தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் தொடாததன் காரணம் தெரியும், கேட்கக் கூடாது என்றுதான் கேட்காமல் இருந்தாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"அக்கா, நான்தான நகத்த நீட்டினேன். நீயா வந்து பிடிச்ச?"

அக்கா மடியிலிருந்த கையை இன்னும் இறுக்கிப் பூட்டிக்கொண்டாள்.

"அந்தக் கையக் குடு."

"வேணாம்டி. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு மத்தியானம் எல்லாரும் ஓடி வந்தாங்களே, அப்போ செத்துப் போயிருவேன்னு நெனச்சேன். உன் கையத் தேடினேன். இல்ல."

அதற்குமேல் அக்காவால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் கையை மறுபடியும் கழுவினாள், தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், துடைத்தாள். கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தாள். தங்கை தன் விரலை, கட்டோடு, மெதுவாக அதில் கொண்டுவந்து வைத்தாள்.

துணியையும் தாண்டிச் சூடு வந்தது. அந்தச் சூட்டுக்குள்ளே ரத்தம் துடித்துத் துடித்து ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. அக்கா தன் விரல்களை மூடாமல், அழுத்தாமல், அதை அப்படியே தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

"ரொம்ப" என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டே.